கேழ்வரகு மாவுக்குள் கோதுமையைத் தேடி சூளகிரிக்கு

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, திருவண்ணாமலையிலிருந்து சூளகிரிக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் மனைவி செல்விக்குக் கோதுமை ஆகாது. அதிலிருக்கும் ஒருவகைப் புரதம் அவள் குடலைப் புண்ணாக்கிவிடும். சப்பாத்தி, ரவை, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டு, அரிசியையும் கேழ்வரகையும் நம்பி ஓராண்டு நன்றாகத்தான் இருந்தாள். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதன்பிறகு உடம்பு தேறவே இல்லை, நாளுக்கு நாள் மெலிந்தாள். எங்கிருந்தாவது கோதுமை உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள் என்றார் மருத்துவர். அப்படி இல்லையென்றால் குடலில் வேறு பெரிய நோயாக இருக்கலாம், அதற்கான சோதனைகளைத் தொடங்க வேண்டும் என்றார். அந்த ‘வேறு பெரிய நோய்’ என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவன். வீட்டிலிருந்த ஒவ்வொரு மாவையும் துளித்துளியாக எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தேன். இங்கே கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாவரங்கள் மாவுச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத சின்ன மணிகளாகச் சேமிக்கின்றன. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அடுக்கடுக்காக வளர்ச்சி. உருளைக்கிழங்கின் மணி பெரிய முட்டை வடிவம், அதில் வளையங்கள்கூடத் தெரியும். கேழ்வரகின் மணிகள் சிறியவை. விதைக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால் மூலைமூலையாக இருக்கும். கோதுமையில் இரண்டு அளவு உண்டு. காசு மாதிரி தட்டையான பெரிய வட்டங்கள், அவற்றுக்கு நடுவே பொடி உருண்டைகள். அரைத்தாலும் சலித்தாலும் இந்த வடிவம் பெரும்பாலும் மாறாது, வேகவைத்தால்தான் உப்பிக் குலையும்.

செல்வி தினமும் சாப்பிடும் கேழ்வரகு மாவில், மூலைமூலையான மணிகளுக்கு நடுவே அந்தப் பெரிய வட்டங்கள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம் இருந்தன. அவளுக்குத் தீங்கு செய்வது இந்த மணியல்ல, கூடவே வரும் புரதம்தான். ஆனால் மணி இருந்தால் கோதுமை இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கண்டுபிடித்ததில்லை.

அந்த மாவை மாதாமாதம் அனுப்புகிறவள் மும்தாஜ். கல்யாணத்துக்கு முன் ஓசூரில் ஒரு மின்னணுக் கம்பெனியில் செல்வியோடு ஒரே லைனில் வேலை பார்த்தவள், விடுதியில் ஒரே அறை. இப்போது சூளகிரியில் இருக்கிறாள். அவள் கணவர் அன்வர் கொத்தமல்லி வியாபாரி. ஜவளகிரிப் பக்கம் காட்டோர நிலங்களில் விளையும் கேழ்வரகை அவர் வாங்கிவர, மும்தாஜ் கழுவிக் காயவைத்து அரைத்து அனுப்புவாள். போனில் சொல்லிவிடலாமே என்றேன். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. மாவில் குறை என்று போனில் சொன்னால் அவள் உடைந்துபோவாள், நேரில் போய் மில்லை மட்டும் பாருங்கள் என்றாள். மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே இதையும் அரைக்கிறார்கள் என்பதுதான் எங்கள் இருவரின் சந்தேகமும்.

காலை ஐந்தே முக்காலுக்கு பெங்களூர் பேருந்து. செங்கம், ஊத்தங்கரை, சாமல்பட்டி வழியாகக் கிருஷ்ணகிரி சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம். எனக்கு நூற்றிருபது ரூபாய் ஆனது. கிருஷ்ணகிரியில் இறங்கி ஓசூர் போகும் சாதாரணப் பேருந்துக்கு மாறுங்கள். விரைவு வண்டிகள் பல சூளகிரியில் நிற்காமல் மேம்பாலத்தில் பறந்துவிடும். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் புதுத் தொழிற்சாலைகள், நடுநடுவே தக்காளித் தோட்டங்கள், கம்பெனிச் சட்டை போட்டவர்களின் இரு சக்கர வண்டிகள். சூளகிரியில் இறங்கியதும், நான் தூக்கிவந்த நுண்ணோக்கியின் மரப்பெட்டியைப் பார்த்த ஆட்டோக்காரர், “தையல் மெஷினா சார், ரிப்பேருக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கப் போனால் மீட்டர் இல்லாத ஆட்டோவில் ஊரையே சுற்ற வேண்டியிருக்கும். நாற்பது ரூபாய்.

அவர்கள் வீட்டில் அன்வரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மூட்டையிலிருந்து அரைக்காத கேழ்வரகை அள்ளி எடுத்துக்கொண்டு என்னை வண்டியில் மில்லுக்கு அழைத்துப் போனார். மில்காரர் அவரோடு தெலுங்கிலும் என்னோடு தமிழிலும் பேசினார். கேழ்வரகுக்கென்று தனி இயந்திரம் வைத்திருந்தார். அரைத்த சூட்டோடு மாவைத் தண்ணீரில் கரைத்து, கடை வாசலில் நுண்ணோக்கியின் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் மூலைமூலையான மணிகள், ஒரு வட்டம்கூட இல்லை. மாவு சுத்தம். மில்லில் இல்லையென்றால் பிறகு எங்கே?

திரும்பி வந்தபோது மும்தாஜ் பெட்டியைப் பார்த்துவிட்டாள். இதில் என்ன தெரியும் அண்ணா, நானும் பார்க்கிறேன் என்றாள். மறைக்கத் தோன்றவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன செல்வியின் மாவையே வைத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“சின்னதுக்கு நடுவுல பெரிசு பெரிசா வட்டமா கெடக்குதே, அது என்னாண்ணா?”

“கோதுமைம்மா.”

அவள் முகம் மலர்ந்துபோனது. “நான் போட்டதுகூட இதுல தெரியுதா?”

அப்புறம் அவளே சொன்னாள். அவள் வீட்டில் நோயில் கிடந்து எழுந்தவர்களுக்குக் கேழ்வரகு அரைத்தால், தெம்புக்கு ஒரு பிடி கோதுமையும் சேர்ப்பார்களாம். காய்ச்சலுக்குப் பிறகு வீடியோவில் செல்வியைப் பார்த்ததும் ஒரு பிடி சேர்த்தாள். அடுத்த மாதம் இன்னும் மெலிந்து தெரிந்ததால் இரண்டு பிடி. அதற்கடுத்த மாதம் மூன்று. வீட்டிலேயே கலந்து மில்லுக்கு அனுப்பியதால் அன்வருக்கும் தெரியாது. செல்வியின் நோய் என்னவென்று அவளுக்கும் தெரியாது. டாக்டர் சத்துக்காகக் கேழ்வரகு சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும்தான் செல்வி சொல்லி வைத்திருந்தாள். ரம்ஜானுக்கு இவள் அனுப்பும் கோதுமைச் சேமியாவை வேண்டாமென்று சொல்ல மனசு வராமல், வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னேன். மும்தாஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்வர் தண்ணீர் கொண்டுவந்தார். இந்தக் கோதுமை கிடைத்ததால்தான் அந்தப் பெரிய நோயாக இருக்காது என்ற நம்பிக்கையே எங்களுக்கு வந்தது, நீங்கள் வேறு எதுவும் நினைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. போனை எடுத்துச் செல்வியைக் கூப்பிட்டாள்.

“ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? என் கையாலயே உன்னக் கொன்னுருப்பனே.”

அந்தப் பக்கம் செல்வி அழுவது எனக்கும் கேட்டது. நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

மதியம் வேறொரு மூட்டைக் கேழ்வரகு அரைபட்டது. முறத்தையும் தூக்குவாளியையும் மூன்று முறை கழுவி, மில் வாசலிலேயே நின்று மாவை வாங்கிவந்த மும்தாஜ், கண்ணாடித் தகட்டை இம்மி இம்மியாக நகர்த்தித் தானே பார்த்து முடித்த பிறகுதான் எனக்குச் சோறு போட்டாள். மாலை நாலு மணிக்குக் கிளம்பி, ஒன்பதுக்குள் வீடு சேர்ந்தேன்.

இதே பிரச்சினை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. என்னுடையதைப் போன்ற சாதாரண நுண்ணோக்கி தாராளக் கலப்படத்தைத்தான் காட்டும். வட்டம் தெரியவில்லை என்பதற்காக மாவு பத்திரம் என்று முடிவு செய்துவிடாதீர்கள், ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நாங்களும் அந்தப் புது மாவைக் கொடுத்து, முடிவு வந்த பிறகுதான் தொட்டோம். அதைவிட முக்கியம், உங்களுக்கு அன்போடு சாப்பாடு தருகிறவர்களிடம் எது ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல வேளையாக எங்களுக்கு நேரம் இருந்தது.

போன வாரம் மருத்துவர் செல்வியின் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, வேறு சோதனை எதுவும் தேவையில்லை என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும் செல்வி என் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து மும்தாஜைக் கூப்பிட்டாள். “ஒண்ணுமில்லைடி” என்று சொல்வதற்குள் இருவருக்கும் பேச்சு நின்றுபோய், அழுகை மட்டும்தான் கேட்டது. மருந்து வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்தேன். வாங்க மருந்து எதுவும் இல்லை. எனக்கும் அழ ஓர் இடம் வேண்டியிருந்தது.