கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கும் பேரவை

எங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மினிட்ஸ் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் பேரவைச் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவர். எழுதினார் என்றால் சாதாரணமாக இல்லை. ஒருமுறை துணைத் தலைவர் கூட்டத்தின் நடுவில் கண்ணயர்ந்துவிட்டார். ‘துணைத் தலைவர் பன்னிரண்டு நிமிடம் உறங்கினார்’ என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது. அந்த வரியை அடித்துவிடச் சொல்லி அவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

“தூங்கினீங்களா இல்லையா?” என்று அக்கா கேட்டார்.

“தூங்கினேன்தான்.”

“அப்ப இருக்கட்டும்.”

தலைவராக்கிவிட்டால் குறிப்பு எழுதுவதையாவது நிறுத்துவார் என்ற நப்பாசையில் அடுத்த வருடம் போட்டியே இல்லாமல் அவரைத் தலைவராக்கினோம். அவர் நல்லவர் என்பதற்காக ஆக்கினோம் என்று இப்போது யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவருடைய அப்பா பஸ் டிப்போவில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவர். அக்காவுக்குக் கீழே இரண்டு தங்கைகள். விடுதியில் தங்க வசதியில்லாமல் தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். பேரவை அறையின் சாவி அவரிடம் இருந்ததால் எல்லோருக்கும் முன்னால் வந்து கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார். ஆலயத்துக்குக் கீழே, பாதி தரைக்குள் புதைந்த அறை அது. ஒரு நீள மேசை, பதினொரு நாற்காலிகள், சுவரில் ஒரு மரச் சிலுவை, அதற்குக் கீழே பழைய தலைவர்களின் புகைப்படங்கள். மேலே யாராவது ஆர்கன் பழகினால் கீழே மேசை அதிரும். முதுகலை இறுதியாண்டு படித்த அக்கா, பாடவேளை இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் இருப்பார். நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு. பாடகர் குழுவின் பிரதிநிதி என்ற முறையில் பேரவையின் பத்து உறுப்பினர்களில் ஒருவன்.

எங்கள் பேரவைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும், ஜெபத்தோடு முடியும். முக்கியமான தீர்மானம் என்றால் அந்தக் கடைசி ஜெபம் முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே வாக்களிக்க வேண்டும். மனிதருக்குப் பயப்படாமல் மனச்சாட்சிப்படி கை தூக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ பெரிய மனதோடு ஏற்படுத்தியது. தலைவர் மட்டும் கண்ணைத் திறந்து கைகளை எண்ணுவார். இறக்கச் சொல்வார். ஆமென் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கண்ணைத் திறக்கலாம். தீர்மானம் நிறைவேறியதா இல்லையா என்பதை மட்டும் அறிவிப்பார், எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார். தலைவருக்கு வாக்கு கிடையாது. ஐந்துக்கு ஐந்து என்று சமமானால் மட்டும் உண்டு. தேர்வில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதக் கூசாத நாங்கள், இந்த விஷயத்தில் மட்டும் ஒருவரும் இமையைக்கூட அசைத்ததில்லை.

அந்த வருடம்தான் மைக் விவகாரம் வந்தது. மைக் என்பது இரண்டாமாண்டு மாணவன் ஒருவனுடைய பட்டப்பெயர். அவன் ரகசியம் பேசினாலே அடுத்த கட்டிடத்தில் கேட்கும். சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் கழுவி, பரிமாறி, அதற்குப் பதிலாகக் கட்டணச் சலுகையில் படிக்கும் மாணவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களுடைய சங்கத்துக்கு அவன்தான் தலைவன். ஞாயிறு காலை ஆராதனைக்கு எல்லா மாணவர்களும் கட்டாயம் வர வேண்டும் என்பது விதி. ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குச் சுடச்சுட டீயும் ரொட்டியும் தயாராக இருக்க வேண்டும் என்பதும் விதி. அதைத் தயார் செய்கிற நாற்பது பேரும் ஆராதனைக்கு வரவில்லை என்று நிர்வாகம் வாராவாரம் ஆப்சென்ட் போட்டது. ஆப்சென்ட் கூடினால் சலுகை போய்விடும். மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை.

பேராயர் விருந்தினர்களோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்பது பேரும் குளித்துத் தலைவாரி, ஆலயத்தில் முன் இரண்டு வரிசைகளில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாய்விட்டுப் பாடினார்கள். மைக்கின் குரலில் எங்கள் பாடகர் குழுவே அமுங்கிப் போனது. வெளியே வந்த பேராயருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. கடவுளைக் கும்பிட்டதற்காக ஒருவனைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்க முடியுமா என்று நாங்கள் சிரித்தோம். முடியும் என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு மைக்கை நீக்கி மூன்றே நாளில் காட்டிவிட்டது.

ஒரே ஒரு வழி இருந்தது. பேரவை கருணை மனு கொடுத்தால் நீக்கத்தை ஒரு மாத இடைநீக்கமாகக் குறைக்க வேண்டும் என்று பேரவையின் சட்டதிட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அதைத் தோண்டி எடுத்தவர் அக்காதான். அதன்பிறகு ஒரு வாரம் அவர் வகுப்புக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. பத்து உறுப்பினர்களையும் தனித்தனியாகத் தேடிப் போய்ப் பார்த்தார். என்னைப் பாட்டுப் பயிற்சி நடக்கும் அறையில் பிடித்தார்.

“தம்பி, அஞ்சு கை போதும். சமமா வந்துட்டா என் ஓட்டைப் போட்டுடுவேன். நீ தூக்குவேல்ல?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? ரெண்டு கையையும் தூக்கறேன்.”

“ஒண்ணு போதும்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருந்த டீன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்பான மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். என் அம்மாவின் உடம்பை விசாரித்தார். நான் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தது அவருக்குத் தெரிந்திருந்தது.

“நற்சான்றிதழ் நான்தானே தம்பி எழுதணும்? நல்லா எழுதறேன். நாளைக்குக் கூட்டத்துல ஜெபம் பண்ணிட்டு நிதானமா யோசிங்க. அவ்வளவுதான்.”

மிரட்டல் என்று சொல்லிவிட முடியாது. யார் கை தூக்கினார்கள் என்று டீனுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. இந்த மனிதருக்குத் தெரியாதது எது என்று இன்னொரு மனம் சொன்னது. கடைசியில் ஒரு கணக்குப் போட்டேன். வேண்டியது ஐந்து கை. தூக்குவதாக அக்காவிடம் சொன்னவர்கள் குறைந்தது ஏழெட்டுப் பேர். என் ஒரு கை இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. அந்தக் கணக்கு என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் மாலை கூட்டம். அறைக்கு வெளியே படிக்கட்டில் மைக் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவனுடைய அம்மா. கையில் பையை வைத்துக்கொண்டு, வருகிற எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

அக்கா தீர்மானத்தை வாசித்தார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஜெபம் முடிந்தது. எல்லோரும் கண்ணை மூடியபடி இருந்தோம்.

“கருணை மனுவை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

என் கை மேசைக்கு அடியில், முழங்கால் மேல் இருந்தது. பத்து எண்ண எவ்வளவு நேரமாகும்? அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மேலே ஆலயத்தில் யாரோ ஆர்கனை நிறுத்திவிட்டு மூடியைச் சாத்துவது கேட்டது.

“இன்னொரு தடவை கேக்கறேன். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். மினிட்ஸ் அக்கா அல்லவா, எண்ணிக்கை பிசகக்கூடாது என்று இரண்டாம் முறை எண்ணுகிறார். மறுபடியும் நெடுநேரம் அமைதி.

“சரி. கையை இறக்கிக்குங்க. ஆமென்.”

கண்ணைத் திறந்தோம். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

“தீர்மானம் நிறைவேறல” என்றார். எழுந்துபோய், வெளியே படிக்கட்டில் இருந்தவர்களிடமும் அவரே சொன்னார்.

அன்றைக்கு நாங்கள் பத்துப் பேரும் கொதித்த கொதிப்பைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து யார் காலை வாரினார்கள் என்று குசுகுசுவென்று பேசினோம். விளையாட்டுப் பிரதிநிதிதான் துரோகி என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் என்னைப் பற்றி வேறு இடத்தில் என்ன சொன்னானோ. எல்லோரும் சேர்ந்து அக்காவுக்கு ஆறுதல் சொன்னோம். பாவம், இவ்வளவு அலைந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். மைக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் வந்து, “நன்றிண்ணா, நீங்க தூக்கியிருப்பீங்கன்னு தெரியும்” என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் மெதுவாகப் பேசியதை அப்போதுதான் கேட்டேன். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

எனக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. ஆசிரியனும் ஆனேன். அக்கா படிப்பை முடித்தார். அவ்வளவு கெட்டிக்காரர் கல்லூரி ஆசிரியராகப் போவார் என்று நினைத்திருந்தோம். பொது மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார், தனக்கென்று எதுவும் செய்துகொள்ளவில்லை. எந்தச் சங்கத்திலும் எந்தப் பொறுப்புக்கும் அதற்குப்பிறகு அவர் வரவில்லை. ஊழியர் சங்கத்தில் கேட்டபோதுகூட, ‘என்னை விட்டுடுங்க’ என்று கையெடுத்துக் கும்பிட்டாராம்.

பத்தொன்பது வருடம் கழித்து முழங்கால் வலி என்று அந்த மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துகொண்டார். எனக்குப் பின்னால் ஒருவர்தான் நின்றார். இவ்வளவு காலம் என் மண்டையைக் குடைந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு எத்தனை கை தூக்கினாங்க?”

அவர் என் சீட்டை எழுதி முடித்தார்.

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப ஏன் கையை இறக்கச் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்லச் சொல்றே? கண்ணைத் திறந்து பத்துப் பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கணுமா? சின்னப் பசங்க நீங்க. எனக்கு மனசு வரல.” பேனாவை மூடி வைத்தார். “அதை விடு தம்பி. நிறைவேறிடுச்சுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நான் தூக்கல, மத்தவங்க தூக்கியிருக்காங்கன்னுதானே ஒவ்வொருத்தரும் நினைச்சிருப்பீங்க? யாராவது எழுந்து, நான் தூக்கலியேன்னு சொல்லியிருப்பீங்களா? ரெண்டாவது தடவை கேக்கும்போதே எனக்கு அது தோணிடுச்சு. ஜெபம் பண்ணிட்டுப் பொய் சொல்லக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“உண்மையைத்தானே அக்கா சொன்னீங்க” என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“ஆமா, உண்மையைச் சொன்னேன். வேற எந்தக் கல்லூரியிலயும் அவனைச் சேர்த்துக்கல. இப்ப ஒரு கிடங்குல பெட்டி ஏத்தி இறக்கறான். முதுகு வலின்னு இங்கதான் வருவான், நான்தான் சீட்டு எழுதறேன்.” என் சீட்டைத் தடுப்பின் ஓட்டை வழியாகத் தள்ளினார். “ஒருத்தராவது என்னைத் திட்டியிருக்கலாம் தம்பி. பத்துப் பேரும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க.”

பிறகு எனக்குப் பின்னால் நின்றவரை வரச் சொன்னார்.