யாருக்கும் கோபம் வராத தலைப்பு

எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள் என்றால், அடுத்த பொங்கல் வரைக்கும் ஆட்கள் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். காதல் கல்யாணமா பேச்சுக் கல்யாணமா என்று ஒருமுறை வைத்தார்கள். மண்டபத்தில் இருந்த ஒரு மாமியாரும் மருமகளும் தனித்தனிக் காரில் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் தமிழ் கதைக்காததற்குத் தாய் காரணமா தகப்பன் காரணமா என்று அடுத்தமுறை வைத்தபோது சாப்பாட்டு நேரம் வரைக்கும் சண்டை நீண்டு, வடை ஆறிப்போனது. ஊர் அரசியலை மட்டும் தொடவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதைத் தொட்டால் சங்கம் இரண்டாகும், இரண்டும் பிறகு நாலாகும். ஒக்லாந்தில் மண்டபம் வாடகைக்கு எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

ஆகவே எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த அந்த வருடம், சங்கச் செயலாளர் மூளையைப் பிழிந்து ஒரு தலைப்புக் கொண்டுவந்தார். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிவது நல்லதா, சேர்ந்திருப்பது நல்லதா? அப்போது செய்தியைப் போட்டால் அதுதான். இலண்டன் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வருகிறது என்று உலகமே கதைத்துக்கொண்டிருந்தது.

"இதால ஒருத்தருக்கும் கோபம் வராது, பாருங்கோ" என்று செயலாளர் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். நடுவராக இருக்கச் சம்மதித்தவர் நகரின் மறுபக்கம் பாட்டனி டவுன்ஸில் இருந்த தமிழ்நாட்டுக்காரர். அவருக்கும் மகிழ்ச்சி. "சூப்பருங்க. நம்ம யாருக்கும் சம்பந்தமில்லாத சண்டை" என்றார்.

சம்பந்தமில்லாத சண்டையாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேச்சாளர்கள் சிறுவர்கள். யார் எந்தப் பக்கம் என்று திருவுளச்சீட்டுப் போட்டதில் எனக்கு வந்தது 'பிரியலாம்'. 'சேர்ந்திருக்கலாம்' நடுவரின் மகளுக்குப் போனது. அவள் என் வயதுக்காரி, தமிழ்ப் பாட்டுப் பாடி ஏற்கெனவே கோப்பைகள் வாங்கியவள். ஜனவரி மாதம், கோடை விடுமுறை. மற்றப் பிள்ளைகள் கடற்கரையில் கிடக்க, ஏவன்டேலில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வெயிலில் நடந்து நடந்து நான் பேச்சுப் பாடமாக்கினேன். இங்கே வளரும் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் தமிழ் எனக்குக் கொஞ்சம் ஓடும், அந்தக் கோப்பையை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்ற வெறியும் இருந்தது.

பேச்சை எழுதித் தந்தது மாமா. அம்மாவின் அண்ணன், எங்கள் வீட்டுக் காரேஜை அறையாக்கிக்கொண்டு இருந்தார். ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயமும் கரட்டும் பொதிசெய்யும் கொட்டகையில் வேலை. சட்டையில் எப்போதும் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். மற்ற ஆண்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல அவர் இலண்டன் பாராளுமன்றம் பார்த்தார். யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள், யார் கட்சி மாறினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேச்சையும் அதே சூட்டோடு எழுதியிருந்தார். 'கதவைப் பூட்டிவிட்டு, பாருங்கள் எல்லோரும் உள்ளே எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடாது' என்று ஒரு வரி. 'பிரிவதா இல்லையா என்பதைப் பிரிய நினைப்பவனிடம்தான் கேட்க வேண்டும்' என்று இன்னொன்று. எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் வாய்க்குள் போட்டால் நன்றாக இருந்தது, உரத்துச் சொல்லலாம் போல இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த நாள் காலையில்தான் அந்த வாக்கெடுப்பு நடந்தது. அங்கே முதல்நாள் இரவு, எங்களுக்கு விடிந்துவிட்டது. மிஞ்சிய பொங்கலைச் சூடாக்கிச் சாப்பிட்டபடி எல்லோரும் மாமாவின் போனைச் சுற்றி நின்றோம். பிரிவதற்கென்று பிரதமர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்க்கட்சியோடு சேர்ந்து தோற்கடித்தார்கள். பிரியாதே என்று சிலர், இப்படிப் பிரியாதே என்று சிலர். வெளியே தெருவில் இரண்டு பக்கத்தாரும் கொடியோடு நின்று ஆளையாள் பார்த்துக் கத்தினார்கள். பொலிஸ்காரன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பார் மருமகள்" என்றார் மாமா. "தோத்த பிரதமர் மனிசி நாளைக்கும் அதே கதிரையில வந்து இருப்பா. பிரிவு வேணும் எண்டு கத்தினவன் பத்திரமா வீட்ட போய்ப் படுப்பான். வெள்ளை வான் வந்து ஒருத்தனையும் ஏத்திக்கொண்டு போகேல்லை."

அப்பா அதிகம் கதைக்காத மனிதர். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்து, "பேச்சில இங்கிலாந்தைத் தாண்டிப் போகாதை, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். இங்கிலாந்தைத் தாண்டி எங்கே போவது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நடந்த விழாவில் ஒலி அமைப்பு அப்பாவின் பொறுப்பு. மண்டபத்தின் பின்மூலையில் மிக்ஸரை வைத்துக்கொண்டு, யாருடைய ஒலிவாங்கி எப்போது வேலை செய்ய வேண்டும் என்று பார்ப்பார். அவருக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு கமரா நின்றது. விழா முழுவதும் நேரலையாகப் போனது. கனடாவிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று செயலாளர் பெருமையாக அறிவித்தார்.

நடுவரின் மகள் முதலில் பேசினாள். ஒற்றைக் குச்சியை ஒடிக்கலாம், சேர்த்துக் கட்டினால் ஒடிக்க முடியாது என்று குச்சியே கொண்டுவந்து காட்டினாள். மரியாதைக்குக் கை தட்டினார்கள். பிறகு நான். முதல் கொஞ்ச நேரம் மண்டபம் தன் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவு வரியைச் சொன்னதும் சத்தம் சட்டென்று அடங்கியது. அடுத்த வரியில் ஒருவர் விசிலடித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான ஐயா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் எழும்பினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் பிரிவதற்கு இவ்வளவு உருக்கமா என்று எனக்கே ஆச்சரியம். என் திறமைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கைதட்டல் என் தலைக்கு ஏறியது. மாமா எழுதித் தந்ததை விட்டேன். "இங்கிலாந்தில கேட்ட மாதிரி எங்கட நாட்டிலயும் எங்கட ஆக்களிட்ட ஒருக்கா வாக்கெடுத்துக் கேட்டிருந்தால்..." என்று தொடங்கினேன்.

ஒலிவாங்கி செத்துப்போனது. நான் இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் வரவில்லை. பின்மூலையைப் பார்த்தேன். அப்பாவின் கை மிக்ஸரில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்த்தபடி நின்றார்.

செயலாளர் ஓடிவந்து, "நேரம் முடிஞ்சுது, நேரம் முடிஞ்சுது" என்று சிரித்தபடி என் தோளைப் பிடித்து இறக்கினார். மணி அடிக்கவே இல்லை. நடுவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சேர்ந்து இருக்கறதுதாங்க எல்லாருக்கும் நல்லது" என்று அவசரமாகத் தீர்ப்பைச் சொல்லி முடித்தார். கோப்பை குச்சிக்காரிக்குப் போனது. அவளே என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா வெடித்தார். நான் அறைக்குள் போகாமல் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"பிள்ளையின்ர வாயைப் பொத்திப்போட்டியே மச்சான்! அந்த வெள்ளைக்காரங்கள் இருக்கிறாங்களே, எங்களை ஒரு சொல்லுக் கேக்காமல் எங்கட நாட்டையும் அடுத்தவன்ர நாட்டையும் ஒண்டாச் சேர்த்துக் கட்டிப்போட்டுக் கப்பல் ஏறினவங்கள். இப்ப தங்கட பிரிவெண்டதும் எத்தினை தரம் வாக்கெடுக்கிறாங்கள், பார். தனக்குத் தனக்கெண்டால் சுளகு படக்குப் படக்கெண்டும். எங்கட நாட்டுப் பாராளுமன்றத்தில பிரிவு கேக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணாமல் உள்ளுக்குப் போகவே ஏலாது. ஒக்லாந்தில வந்து நிண்டும் வாயைப் பொத்து எண்டால், பிறகென்னத்துக்கு இஞ்ச வந்தனாங்கள்?"

அப்பா கேபிள்களைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாதான் குசினியில் இருந்து வந்தார்.

"அண்ணை, அங்க யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறது உங்கட தம்பியோ, இவற்ற தம்பியோ? ஆமிக்காரங்கள் அவனை ஒருக்காக் கொண்டுபோய் வைச்சிருந்து விட்டவங்கள். இவள் ஆற்ற பிள்ளை எண்டு நேரலையில போன அந்தப் படத்தில எல்லாருக்கும் தெரியும். எங்கட கதவை ஆரும் தட்டமாட்டான். அவன்ர கதவைத்தான் தட்டுவான்."

"அப்ப காலம் முழுக்கப் பயந்து சாவம்" என்று சொல்லிவிட்டு மாமா காரேஜுக்குப் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

எனக்குச் சித்தப்பாவைப் பற்றிய கவலை துளியும் வரவில்லை. அவர் என் பிறந்தநாளுக்குப் போனில் சிரிக்கும் ஒரு முகம், அவ்வளவுதான். என் பேச்சு, என் கைதட்டல், என் கோப்பை. எல்லாவற்றையும் சொந்தத் தகப்பனே ஒரு விரலால் இறக்கிவிட்டார். அநியாயம் என்றால் இதைவிட வேறு என்ன? நான் அப்பாவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவர் தந்த ஐஸ்கிரீமை உருக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்கு வழக்கமாக இருவரும்தான் போவோம், அன்றைக்கு வரமாட்டேன் என்றேன். அவர் தனியாகப் போனார்.

இரண்டு கையிலும் பைகளோடு அவர் திரும்பி வந்தபோது வாசலில் மறித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க ஆங்கிலத்தில் தொடங்கினேன். இது சுதந்திரமான நாடு. எனக்குப் பேச உரிமை இருக்கிறது. நீங்கள் என் உரிமையைப் பறித்தீர்கள். மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே விடுவேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வீசினேன். பட்டிமன்றத்தில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன்.

அப்பா வாதாடுவார், அதட்டுவார், குறைந்தது சிரித்துச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பைகளை நிலத்தில் வைத்தார். கைகளை உடம்பில் இருந்து விலக்கி, உள்ளங்கை எனக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்தார். கண் என் முகத்துக்கு வரவில்லை, என் காலடியில் நின்றது. "ஓம், பிழைதான். இனிச் செய்யமாட்டன்" என்று மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். போகலாம் என்று நான் சொல்லும்வரைக்கும் நின்றார்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊரில் சோதனைச் சாவடியில் பேருந்தை மறித்து ஆட்களை இறக்கினால் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். பிழை செய்தாயா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, பிழைதான் என்று சொன்னவனைச் சில நேரம் விட்டுவிடுவார்களாம். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ துவக்கோடு நின்று என் அப்பாவுக்கு அதைப் பழக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் வென்றுவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. "ஓகே" என்றேன். அப்பா பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் நேராகக் காரேஜுக்கு ஓடினேன். மாமா கட்டிலில் இருந்து சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். "அப்பா மன்னிப்புக் கேட்டவர்! நான் கேக்க வைச்சனான்!" என்று கத்தினேன். அவர் சந்தோஷப்படுவார், நாங்கள் இருவரும் ஒரே கட்சிதானே என்று நினைத்தேன்.

"மச்சானோ?" என்றார் மாமா. "எப்பிடிக் கேட்டவர்?"

நான் காரேஜின் நடுவில் நின்று நடித்துக் காட்டினேன். கைகளை விலக்கி, உள்ளங்கைகளை விரித்து, கண்ணை நிலத்தில் போட்டு, குரலைத் தாழ்த்தி, "ஓம், பிழைதான். இனிச் செய்யமாட்டன்."

"கையைக் கீழ விடு!" என்று மாமா போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டுப் போனேன். அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து இறக்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வென்றதற்கு இந்த வீட்டில் ஒருவரும் கை தட்டவில்லை, எப்படி என்று கேட்டவருக்கு இருந்ததை இருந்தபடி காட்டினால் அதற்கும் ஏச்சு. அப்பா நின்றதுபோல நின்றேன், அதில் என்ன பிழை?