விரல் என்ரையெல்லோ

ஊர்காவற்றுறையில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நேர்ஸாக இருந்தபோது, அங்கே ஒரு கிழவர் இருந்தார். கடலில் கறுத்த மேனி. எந்த நேரமும் சீப்பால் மீசையை வாரிக்கொண்டிருப்பார்.

சீனி வியாதியால் அவருடைய கால்விரல் அழுகத் தொடங்கியது. டொக்டர் வந்து, கிழவரைப் பார்க்க வந்திருந்த மகனிடம், "விரலை எடுக்கவேணும், சம்மதமோ?" என்று கேட்டார்.

"ஓம், எடுங்கோ."

கிழவர் சீப்பை நிறுத்தினார். "ஓமெண்டது அவன். அவன்ரை விரலை எடுங்கோ."

மகன் தன் காலை, உட்கார்ந்திருந்த கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டான். டொக்டர் சிரித்துவிட்டுக் கிழவருக்கு முன்னால் அமர்ந்து, அப்படியே விட்டால் முழுக்காலும் போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

"சரி, எடுங்கோ" என்றார் கிழவர்.

"இதைத்தானே ஐயா மகனும் சொன்னவர்?" என்று பிறகு கேட்டேன்.

"ஓம் பிள்ளை. விரல் என்ரையெல்லோ."

பின்னேரம் ஊசியோடு போய், "போடட்டோ ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டேன்.

"வேண்டாம்."

நான் முழிப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுக் கையை நீட்டினார்.