கவுளி அடுக்கிய கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவில் ஒரு துரையிடம் இலை ஒட்டும் வேலை பார்த்தேன். சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு வேலை இருந்தது. தாபான் என்று காட்டில் பால் வடியும் மரம் ஒன்று உண்டு. அதன் இலை மலைக்கு மலை வடிவம் மாறுகிறதா என்று பார்க்க வந்தவர் அந்தத் துரை. கப்பலை விட்டு இறங்கி நான்கு மாதம்தான். தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. எனக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும். அதனால் இலையை அமுக்கிக் காய வைத்து, தாளில் ஒட்டி, மலையின் பெயரை எழுதுவதோடு மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

மரம் ஏற ஒருவன் இருந்தான். சிம்பாங் பூலாய் பக்கத்துத் தோட்டத்தில் கள் இறக்கியவன். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டதால் தோட்டத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. பெண்டாட்டிக்கு எட்டு மாதம். மூன்று மலை ஏறி, அட்டைக் கடியோடு மூன்று சாக்கு இலை கொண்டுவந்து போட்டான்.

நானோ அதற்கு முன் ஆறு வருஷம் வெற்றிலைக் கடையில் நூறு நூறு இலையாகக் கவுளி அடுக்கியவன். ஒரே அளவு, ஒரே வடிவம். கோணல் இலை கண்ணில் பட்டால் கை தானாகக் கழித்துப் போடும். "வந்தது வந்தபடி ஒட்டு" என்று துரை சொல்லித்தான் இருந்தார். நான் எங்கே கேட்டேன்? முதல் மலை இலை நீள்வட்டமாக அழகாக இருந்தது. இரண்டாம் சாக்கில் ஒடுங்கியவை அதிகம், மூன்றாவதில் நுனி மழுங்கியவை அதிகம். நோஞ்சான் இலை என்று அவற்றை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, முதல் மலை இலையோடு சேரும்படி பொறுக்கி ஒட்டினேன். துரை மெச்சுவார் என்ற நினைப்பு வேறு.

துரை தாள்களை மேசையில் பரப்பினார். முகம் சிவந்துவிட்டது. மூன்று மலையிலும் ஒரே இலையா, இவன் மலைப்பக்கமே போகவில்லை, ஒரே மரத்தில் பறித்து ஏமாற்றியிருக்கிறான் என்று கத்தினார். நான் குப்பையில் கொட்டியதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னாண்ணே சொல்றாரு?" பக்கத்தில் நின்றிருந்த மரம் ஏறியவன் என்னைக் கேட்டான்.

"நீ மலைக்கே போவலங்கிறாரு."

"ஐயோ, மூணு மலையும் ஏறுனேண்ணே. காலப் பாருங்க. நீங்களே சொல்லுங்கண்ணே." வேட்டியைத் தூக்கி, அட்டை கடித்துப் புண்ணான காலைக் காட்டினான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.

உண்மை வாய்வரை வந்தது. என் வேலை போய்விடுமே என்று விழுங்கிவிட்டேன். "தப்புதான், மன்னித்துவிடச் சொல்கிறான்" என்றேன். கோழைத்தனம், அதற்கு வேறு பேர் வைத்து என்ன? அந்த நிமிஷமே அவனை வேலையை விட்டு நிறுத்தினார் துரை.

வாசல்வரை அவனோடு போனேன். நான் கழித்த இலைகள் படிக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அவன் அவற்றைக் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பரவால்லண்ணே. நீங்களாச்சும் எனக்காக அவருகிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்களே."