அம்மாவுக்கு லீவு கிடைத்த வாரம்

எங்கள் வீட்டில் லீவு என்பது சேர்த்து வைக்கிற பொருள். மற்ற வீடுகளில் லீவு வரும், போகும். எங்கள் அம்மாவுடையது மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தது; யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

அம்மா மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. எங்கள் ஊரான மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். ஷிப்டு முடிந்தாலும் உடனே கிளம்ப முடியாது. அடுத்து வருகிறவளிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அந்த நேரம் சம்பளத்தில் வராது. அடுத்தவள் வரவே இல்லை என்றால் அம்மாவே தொடர வேண்டும். அதற்குப் பெயர் ஓ.டி. ஓ.டி.க்கு ஓர் அளவு வரைக்கும் காசு கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் காசுக்குப் பதிலாக 'ஓஃப்' என்று விடுமுறை நாள் எழுதி வைப்பார்கள். அந்த ஓஃப்பை, வார்டில் போதுமான ஆள் இருக்கிற நாளில் எடுத்துக்கொள்ளலாம். போதுமான ஆள் இருந்தால் அம்மா ஏன் ஓ.டி. பார்க்கப் போகிறாள் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அப்போது விவரம் போதாது.

நான் அதைக் கூட்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, முறை வந்தவள் மொத்தமாக எடுத்துக்கொள்வார்களே, அந்தக் கூட்டு. அம்மா தன் நாட்களையெல்லாம் தாதிகளுக்குத் தலைவியான மேட்ரனிடம் கட்டி வருகிறாள், முறை வந்ததும் அள்ளிக்கொண்டு வருவாள், நாங்கள் குளிர் அடிக்கிற கேமரன் மலைக்குப் போவோம். எப்போது என்று கேட்டால், "ஆளு வரட்டும்மா, போவோம்லா," என்பாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று காட்ட, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டரும் வாங்கினாள். போகும் நாள் தெரியாததால் இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கினாள். மெர்லிமாவ் வெயிலில் ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது அம்மா கருவுற்றிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை, மருத்துவமனையிலும் சொல்லவில்லை. சொன்னால் ஓ.டி. கொடுக்க மாட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்பை விட்டு வந்தபின் கடன்போட்டு வாங்கிய வீட்டுக்குத் தவணை கட்ட வேண்டும். அம்மாவின் அடிப்படைச் சம்பளம் அதற்குப் பத்தாது. அப்பா செம்பனை ஆலையில் லோரி ஓட்டிக் கொண்டுவரும் பணமோ, அவருடைய லோரியைப் போலவே மாதத்தின் பாதி வழியில் நின்றுவிடும். வயிறு தெரிகிற வரைக்கும் சமாளிக்கலாம் என்று அம்மா நினைத்தாள். நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்து, புரட்டிப் படுக்க வைத்து, மோட்டார் சைக்கிளில் குலுங்கிக்கொண்டு வீடு வந்தாள். வயிறு கடைசிவரை தெரியவே இல்லை. ஒருநாள் இரட்டை ஷிப்டு முடிகிற நேரத்தில் அந்த மருத்துவமனையிலேயே அவளை ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். பிள்ளை தங்கவில்லை. இதற்குக் குறிப்பாகக் காரணம் எதையும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். இதையெல்லாம் அப்பாவின் தங்கையான அத்தை பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். அத்தைக்குக் காரணம் நன்றாகத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், பட்டப்பகலில் என் அம்மா வீட்டில் படுத்திருக்கிறாள். "அம்மாவுக்கு லீவு கெடச்சிருக்கு. சத்தம் போடாத," என்றார் அப்பா. வேறு எப்படிச் சொல்வார், பாவம்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவின் முறை வந்துவிட்டது. மறுநாளே பள்ளியில் கேமரன் பயணத்தை அறிவித்து, பாதி வகுப்புக்கு ஸ்ட்ராபெரி வாங்கி வருவதாக வாக்குக் கொடுத்தேன். அத்தை வந்து தங்கிச் சமைத்தாள். விரால் மீன் சூப்பும் பூண்டுக் குழம்புமாக வீடு மணந்தது. அம்மா பாதியில் வைத்ததையெல்லாம் நான் தின்று தீர்த்தேன். பிறகு அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டிருப்பாள். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் என் சிறுவயதில் அதைவிட நல்ல வாரம் ஒன்று இருந்ததில்லை.

வாரக் கடைசியில் மேட்ரன் தன் காரில் வந்தார், பழங்களும் சிக்கன் எசன்ஸ் போத்தல்களும் எடுத்துக்கொண்டு. என் அம்மாவின் நாட்களைப் பூட்டி வைத்திருப்பவர் என்று அவர்மேல் எனக்கு வெகுநாளாகக் கடுப்பு. அன்று பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு ஹாலில் போய் நின்றேன்.

மேட்ரன் தணிந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் எம்.சி. என்று மருத்துவ விடுப்பு கொடுத்தது கொஞ்ச நாளைக்குத்தான். மீதி நாட்களுக்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாமே என்று, சேர்ந்திருந்த ஓஃப்பில் கழித்துவிட்டாராம். அதோடு கணக்கெல்லாம் நேராகிவிட்டது, இனி ஓஃப் எதுவும் மீதி இல்லை என்றார். அம்மாவுக்கு நல்லது செய்ததாகவே அவர் நினைத்தார்; அவர் கையில் இருந்த நல்லதும் அவ்வளவுதான் போலிருக்கிறது.

"மண்டே வந்திருவீங்கதானே? வார்டுல ஆளே இல்ல," என்றார் கடைசியில்.

அம்மா தலையாட்டினாள்.

நான் முன்னால் போய், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பி, "லீவு குடுத்ததுக்கு தேங்க்யூ மேட்ரன் ஆன்ட்டி," என்றேன்.

மேட்ரன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மேட்ரன் என் தலையைத் தொட்டு, நல்ல பிள்ளை என்று முணுமுணுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலில் தன் செருப்பைத் தேடினார்.

கார் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்து வழிந்தது. ஸ்வெட்டரைக் கழற்ற வந்தவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு அளவு பெரிதாக வாங்கிய ஸ்வெட்டர், மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது.

"சின்னதாப் போச்சேம்மா," என்றாள். அந்த வாரம் முழுக்க என் முன்னால் அழாதவள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஸ்வெட்டர் வீணாகிவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்தேன். அவளைத் தேற்ற எனக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது.

"தூக்கிப் போட்டுறாதம்மா. தம்பிப் பாப்பா பொறந்தா போட்டுக்கட்டும்," என்றேன்.

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. ஸ்வெட்டரைக் கழற்றி எடுத்து, அதன் கை இரண்டையும் உள்ளே மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொன்ன ஆறுதல் பலித்துவிட்டது என்ற பெருமையோடு விளையாடப் போனேன்.