கிராஷ் வராத வியாழக்கிழமை

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் மகளின் புரோகிராம் கிராஷ் ஆகவில்லை. அதோடு பிடித்தது சனி.

இப்படிச் சொன்னால் விசர், பைத்தியம் என்பார்கள். என் கணவர் சொல்லியும்விட்டார். ஆகவே முதலில் விளக்கம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஒன்று கிராஷ் ஆகிச் செத்து விழுந்தால், எந்த வரியில் விழுந்தது, அந்த வரிக்கு அதை அனுப்பியது யார், அவரை அனுப்பியது யார் என்று தலைமுதல் வால்வரை எழுதிவைக்கும் லைப்ரரி, அதாவது மற்றப் புரோகிராம்களுக்குள் பொருத்தும் துணைப் புரோகிராம், ஒன்று இருக்கிறது. முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் விட்டிருப்பது. ஆனால் லினக்ஸில் மட்டுந்தான் ஓடும். என் மகள் எங்களிடமிருந்து அரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் விட்பியில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து படிக்கிறாள். அவளுடைய லப்டொப்பில் விண்டோஸ். அவள் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டை விட்டுப் போன மறுவாரமே அந்த லைப்ரரியை விண்டோஸுக்குக் கொண்டுபோகும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டேன். உலகத்துக்குச் செய்யும் சேவை என்று எல்லோருக்கும் சொன்னேன்.

அது பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், கிராஷ் ஆனவுடன் அறிக்கை எனக்கு மின்னஞ்சலில் வரும்படி ஒரு துண்டை நானாகச் சேர்த்திருந்தேன். "சோதிச்சுப் பாக்க ஒரு ஆள் வேணும் பிள்ளை" என்று கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் போட்டேன். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், லப்டொப்புக்கு முன்னால் இருக்கிறாள், எதையோ பிழையாகச் செய்கிறாள் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்வது எவ்வளவு ஆறுதல்! போன் எடுத்தால் பதில் வராது. கிராஷ் தவறாமல் வரும். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே குற்றம்: எந்தக் கணினியாலும் செய்ய முடியாதபடி பூச்சியத்தால் வகுத்தது.

"மூண்டு வருசம் படிச்சும் பூச்சியத்தால வகுக்கிறாள்" என்று கணவரிடம் குறைப்பட்டேன்.

"உம்மட பக்கத்து மூளை" என்றார்.

அந்த வியாழக்கிழமை நான்கு மணியாகியும் ஒன்றும் வரவில்லை. மகளுக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்காமலே வொய்ஸ்மெயிலுக்குப் போனது. கணவரின் வேலையிடத்துக்கு எடுத்தேன்.

"கிராஷ் ஆகேல்லை எண்டால் நல்லதுதானே? பிள்ளை திருந்தியிருக்கும்."

"இவ்வளவு கெதியாவோ?"

"உமக்கென்ன விசரே? வையும் போனை."

போனை வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். பெப்ரவரி மாதம், 401 நெடுஞ்சாலை, வேலை விடும் நேரம். முன்னால் நின்ற லொறியின் பின்பக்கத்தை நான் மனப்பாடம் செய்தேன். பனியில் சறுக்கி விழுந்தவள், காய்ச்சலில் கிடப்பவள், அடுப்பு வாயுவில் மயங்கியவள் என்று விதவிதமான மகள்கள் கண்ணுக்குள் வந்துபோனார்கள். அந்த வீட்டில் இருப்பது மின்னடுப்பு என்பது அஜக்ஸ் தாண்டியபிறகுதான் ஞாபகம் வந்தது.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் வேலையில் ஓர் ஓட்டை இருந்தது. சில புரோகிராம்கள் தம்மையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, தமக்கு ஒதுக்கிய இடம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு சாகும். அப்போது அறிக்கை எழுத வருபவனுக்குக் கால் வைக்கவும் இடம் இருக்காது. லினக்ஸில் இதற்கென்று வேறோர் இடத்தை முன்பே பிடித்து வைத்திருந்தார்கள். விண்டோஸில் அதை வேறு விதமாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் "பிறகு பார்க்கலாம்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். அப்படியொரு சாவு என்றால் என் லைப்ரரியும் சேர்ந்து சத்தமில்லாமல் செத்துப்போகும், மின்னஞ்சலும் வராது.

விட்பியில் வீட்டுக்கார அன்ரி கதவைத் திறந்தார்.

"பிள்ளை காலமை பையோட போனது. இன்னும் வரேல்லை."

திறப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் அறைப் பூட்டைத் திறந்து பார்த்தோம். போர்வை நிலத்தில் கிடந்தது. மேசையில் காய்ந்துபோன நூடில்ஸ்.

"அறை இந்தக் கோலத்தில கிடக்கெண்டால் ஆள் சுகமாத்தான் இருக்கு" என்றார் அன்ரி.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்ரியின் சாப்பாட்டு மேசையில் என் லப்டொப்பைத் திறந்து, தன்னையே கூப்பிடும் நாலு வரியை எழுதி ஓடவிட்டேன். புரோகிராம் செத்தது. அறிக்கை இல்லை. ஓர் எழுத்துக்கூட இல்லை. நான் எழுதியது வேலை செய்யாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னது என் வாழ்க்கையில் அன்றுதான். பிழை என்னுடையதாக மட்டும் இருக்கட்டும், பிள்ளைக்கு ஒன்றுமில்லாமல் இருக்கட்டும் என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டீரோ?" என்று தேத்தண்ணியை வைத்தபடி அன்ரி கேட்டார்.

"பிழையைக் கண்டுபிடிச்சிட்டன், அன்ரி."

"பிள்ளையை?"

மகளின் எண்ணை மறுபடி அழுத்தினேன்; மறுபடியும் வொய்ஸ்மெயில். ஒரு பிழை இருக்கிறது என்பதற்காக அதுதான் நடந்தது என்று ஆகிவிடாது. இந்தத் தொழிலில் முதலில் படிப்பதே அதுதான்.

பக்கக் கதவு திறந்தது. தொப்பியில் பனியோடு மகள் நின்றாள். என்னைப் பார்த்தாள், அன்ரியைப் பார்த்தாள்.

"அம்மா? ஆர் செத்தது?"

கட்டிப்பிடிக்க வேண்டியவள் நான். வாயில் வந்தது வேறு. "ஏன் போன் எடுக்கேல்லை? ஏன் இண்டைக்கு கிராஷ் வரேல்லை?"

"போன்ல சார்ஜ் இல்லை. கிராஷ் வரேல்லையோ? வியர்ட். இண்டைக்கு ஒரு சேஞ்சுக்கு, தன்னைத்தானே கூப்பிடுற ஃபங்ஷன் ஒண்டு எழுதி ஓடவிட்டனான். கிளாஸுக்கு லேட், அதால நிண்டு பாக்கேல்லை."

"வேணுமெண்டு கிராஷ் பண்ணினனியோ?"

"எல்லாமே வேணுமெண்டுதான். ஒவ்வொரு நாளும் பூச்சியத்தால வகுக்க எனக்கென்ன பைத்தியமே?" தொப்பியைக் கழற்றிப் பனியை அன்ரியின் கம்பளத்தில் உதறினாள். "போன் எடுத்தா உங்களோட அரை மணித்தியாலம் கதைக்கவேணும், அம்மா. இது ஒரு செக்கன்."