பத்து சென்ட்

இந்த மஸ்கட்டில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால், எப்போது எழுந்து கிளம்ப வேண்டும் என்பதைச் சென்ட் பாட்டில்தான் சொல்லும். முதலில் பேரீச்சம்பழம் வரும், பிறகு கசப்பான காப்பி வரும், பேச்சு நீளும். கடைசியாக ஒரு தட்டில் நாலைந்து சென்ட் பாட்டில்களும், தணலின் மேல் வாசனைக் கட்டை புகையும் சிறு கிண்ணமும் வரும். சட்டையில் கொஞ்சம் தடவி, புகையைத் துணியில் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. நம் கோயமுத்தூர்ப் பக்கம் விருந்தாளியை யாரும் கிளப்புவதில்லை. அவராக "போயிட்டு வாரேனுங்க" என்று எழுந்தாலும் "இருங்க, என்ன அவசரமுங்க" என்று உட்கார வைத்து, பஸ் போன பிறகுதான் விடுவார்கள்.

நான் வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். இங்கும் அதே வேலைதான், மோட்டார்களும் உதிரிபாகங்களும் அடுக்கிய ஒரு கிடங்கு. உடன் வேலை செய்யும் சாலிம் என்ற உள்ளூர்க்காரர் ஒரு பெருநாளன்று வீட்டுக்கு அழைத்தார். காப்பி முடிந்து தட்டு வந்தது. நம் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பது உள்ளே வரச் சொல்லி. ஆகவே பந்தி இனிமேல்தான் என்று எடுத்துக்கொண்டேன். தாராளமாகப் பூசி, காலை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்தேன். சாலிம் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார். மறுபடி பூசினேன். மூன்றாவது முறையும் நீட்டினார். அன்போடு நீட்டுவதை எப்படி மறுப்பது? "யூ லைக் டூ மச்?" என்று கேட்டார். "வெரி மச்" என்றேன். அவர் முகத்தில் ஏதோ விளங்கிவிட்ட நிம்மதி தெரிந்தது.

மறுநாள் என் மேஜை மேல் ஒரு புது சென்ட் பாட்டில் இருந்தது. கோயமுத்தூர்க்காரனுக்கு வாசனை என்றால் உயிர் என்ற செய்தி கம்பெனி முழுக்கப் போய்விட்டது. பெருநாளுக்குப் பெருநாள், யாராவது ஊர் போய் வந்தால், யாருக்காவது பிள்ளை பிறந்தால், எனக்கு ஒரு பாட்டில் வந்தது. கொஞ்சம் வயது குறைந்தவர்கள் பாடி ஸ்பிரே கொடுத்தார்கள். உண்மையில் எனக்குப் பவுடர் பட்டாலே தும்மல் வரும். ஆனால் மூன்று முறை பூசிக்கொண்டவன் நாலாவது முறை பிடிக்காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவற்றை எப்படி ஒழிப்பது என்பது பெரிய வேலையாகிவிட்டது. அறையில் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அவர்களிடமும் அலமாரி நிறைய இருந்தது. ஒரு பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டேன். கூட்டிப் பெருக்கும் மலையாளி அதைத் துடைத்து எடுத்து வந்து, சாரின் சாமான் தவறி விழுந்துவிட்டது என்று கையில் கொடுத்தார். கொடுத்தவர்கள் கண்ணில் படாமல் இந்த ஊரில் எதையும் எறிய முடியாது என்று புரிந்தது. அடுத்த விடுமுறையில் எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுபோய்த் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, அலமாரியைக் காலி செய்து கட்டில் மேல் வரிசையாக வைத்தேன்.

அந்த வாரம்தான் தங்கை சரசுவுடன் போனில் பேசினேன். சரசு காங்கேயத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பழனிசாமிக்குத் தேங்காய் எண்ணெய் ஆலையில் வேலை. எதிரில் இருந்த மளிகைக்கடைக்குப் போன் செய்தால் அவளைக் கூப்பிட்டு விடுவார்கள். கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும், அவளும் அடங்கிய குரலில்தான் பேசுவாள். அன்றைக்கு, வீட்டுச் சொந்தக்காரர் லைனை இடித்துக் கடை கட்டப் போகிறார், தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றாள். வேறு வீடு பார்க்கலாம் என்று ஆறுதல் சொன்னேன். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஏனுங்ணா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? ஒரு அஞ்சு சென்ட்டு மட்டும் குடுத்தீங்கன்னாப் போதும்ங்ணா."

"அஞ்சு எதுக்குக் கண்ணு? பத்தா எடுத்துக்க. எனக்கென்ன, சும்மாதான கெடக்குது" என்றேன்.

மறுமுனையில் அவள் அழுதாள். பத்து பாட்டிலுக்கா ஒருத்தி அழுவாள் என்று தோன்றாமல் இல்லை. வீடு மாறும் கவலை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாஷர் கேட்டு வந்தால்கூட எந்த அளவு, எந்த மோட்டாருக்கு என்று கேட்காமல் எடுத்துத் தராதவன் நான். அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கட்டிலில் பாட்டில்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

விடுமுறையில் ஊர் சேர்ந்ததும் மனைவி கமலாவுடன் காங்கேயம் போனேன். லைன் வீட்டுக்குள் நுழையும்போதே கொப்பரை வாசம். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெட்டியைத் திறந்து ஏழு பாட்டிலும் மூன்று பாடி ஸ்பிரேயுமாகப் பாயில் அடுக்கி, கேட்டபடி பத்து சென்ட்டும் இருக்கிறது, எண்ணிக்கொள் என்றேன். பழனிசாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"மச்சான் மஸ்கட்டுக்குப் போயும் குசும்பு போகலீங்க. சர்வேயர வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்குதுங்க. கல்லுகூட எறக்கிப்போட்டேன்."

எனக்குத் தாராபுரம் ரோட்டில் எங்கள் அப்பா விட்டுப் போன இருபது சென்ட் இடம் இருக்கிறது. மீதி விவசாயக் காடெல்லாம் கிணறு வற்றியபோதே விலைக்குப் போய்விட்டது. வேலையை விட்டு வந்ததும் அங்கே வீடு கட்டுவது என்று நானும் கமலாவும் பலமுறை படம் போட்டிருக்கிறோம். சரசு கேட்டது அந்த இடத்தில் ஐந்து சென்ட். நான் கொடுத்துவிட்டது பாதி.

அவள் கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்க, சரசுவுக்கு விளங்கிவிட்டது. அவள் பார்வை பாட்டில்களிலிருந்து என் முகத்துக்கு வந்தது.

"நீங்க இந்தச் சென்ட்டைத்தான் நெனச்சீங்களாங்ணா?" என்றாள். பதில் வருவதற்குள் அவளே, "பரவால்லீங்ணா. சர்வேயர வேண்டான்னு சொல்லிப்போடலாம். நங்கைக்கும் தெரியாது பாருங்க" என்றாள். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்போம். பழனிசாமியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

நான் கமலாவைப் பார்த்தேன். எங்கள் ஜனத்தில் பெண்ணுக்கு நகை, ஆணுக்குக் காடு என்பது வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் இடம் கேட்பது எளிதல்ல. மளிகைக்கடைக் கூட்டத்தின் நடுவில் நின்று கேட்பது இன்னும் எளிதல்ல. எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாளோ. நான் ஐந்து என்று சொல்லியிருந்தாலாவது யோசிக்க இடம் உண்டு. சும்மாதானே கிடக்கிறது என்று சொல்லிப் பத்தாக்கியவன் நான். ஸ்டோரில் ஒரு விதி உண்டு: கேட்டதை விசாரிக்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பொருள் போய்த்தான் ஆக வேண்டும். கமலா என்னை ஒரு கணம் ஊன்றிப் பார்த்தாள்.

"பத்துன்னு சொன்னது நீங்கதானுங்க" என்றாள். பிறகு சரசுவிடம் திரும்பி, "உங்கண்ணன்கிட்ட இனி யாராச்சும் போன்ல கெணறு கேட்டாலும் குடுத்துப்போடுவாரு. அதுக்குள்ள எழுதி வாங்கிக்க அம்மணி" என்றாள்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். நடுவில் எல்லைக் கல் நட்டார்கள். நான் லீவில் இருக்கும்போதே பத்திரமும் பதிந்தோம். நாங்கள் போட்டு வைத்திருந்த வீட்டுப் படத்தில் முன்தோட்டம் போயிற்று. கமலா அன்று இரவே ரப்பர் வைத்து அதை அழித்துவிட்டு, கிணற்றை வேறு மூலையில் போட்டாள். எனக்கு வருத்தம் இல்லை. சேர வேண்டிய இடத்துக்கு ஒரு பொருள், பெயர் மாறிப் போனாலும், போய்ச் சேர்ந்துவிட்டது.

பாட்டில்கள் மட்டும் இன்னும் தீரவில்லை. சரசுவுக்கு வேண்டாம், மல்லிகைப் பூவே போதும் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் முகர்ந்துவிட்டு ஆஸ்பத்திரி வாசம் என்றாள். பழனிசாமி ஒரு நாள் பூசிக்கொண்டு ஆலைக்குப் போய், தேங்காய் எண்ணெய் மேல் எந்தச் சென்ட்டும் நிற்காது என்று திரும்பி வந்தார். கோயமுத்தூர்ப் பழைய கடைவீதியில் அத்தர் விற்கும் பாய் ஒருவரிடம் இரண்டைக் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். சரக்கு நல்லதுதான், ஆனால் இதில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது, தன்னிடம் வருகிறவர்கள் தொழுகைக்குப் பூசிக்கொள்ள வாங்குகிறவர்கள் என்று சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். அந்த ஸ்பிரிட் செய்தியைப் பழனிசாமியிடம் சொன்னது நல்லதாயிற்று. மூன்று பாடி ஸ்பிரேயையும் அவர் எடுத்துக்கொண்டார். பஞ்சில் அடித்து டேப் ரெக்கார்டர் ஹெட்டைத் துடைக்க அதைப்போல ஒன்று இல்லையாம். லைன் வீட்டு டேப் ரெக்கார்டர்கள் அத்தனையும் துலக்கமாகப் பாடின.

மிச்ச ஏழும் சரசு வீட்டு பூமி பூஜையில் தீர்ந்தன. வருகிறவர்களுக்குத் தெளிக்கப் பன்னீர்ச் செம்பு எடுத்தபோது, பன்னீர் வாங்க மறந்தது தெரிந்தது. நான் ஏழையும் செம்பில் கவிழ்த்து, அண்ணன் என்ற உரிமையில் வாசலில் நின்று எல்லோர் மேலும் தெளித்தேன். ஐயர் மந்திரத்தின் நடுவே இரண்டு முறை தும்மினார். செங்கல் இறக்க வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலை தாராபுரம் பஸ்ஸில் ஏறிய எங்கள் சொந்தக்காரர்களைப் பார்த்து, எந்த ஊர்க் கல்யாணம் என்று கண்டக்டர் விசாரித்தாராம்.

இப்போது சரசு அங்கே குடியிருக்கிறாள், வீட்டுக்குப் போனும் வந்துவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் என் பத்து சென்ட் வெறுமனே கிடக்கிறது. அதை மஸ்கட்காரர் இடம் என்று சொல்ல ஆரம்பித்த அக்கம்பக்கத்தார், சொல்லிச் சொல்லித் தேய்த்து வெறும் மஸ்கட்டு என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே கிடங்கிலோ யாரும் என் பெயரைச் சொல்வதில்லை, சாலிம் முதற்கொண்டு எல்லோரும் கோயமுத்தூர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை போன் செய்தபோது சரசு உற்சாகமாக இருந்தாள்.

"மஸ்கட்டுல நேத்து நல்ல மழைங்ணா. சோளம் வெதச்சு உட்டிருந்தோம், மொளச்சு நிக்குது" என்றாள்.

நான் சன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே, ஒரு பச்சையும் இல்லாத மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் நம்ம பக்கம் மழை பரவாயில்லை, கண்ணு, என்றேன்.